ஆடிக்காற்றும் விழிவில்லையும்



ஆடி பிறந்துவிட்டால் திருச்சிராப்பள்ளியில் காற்றுக்குக் கொண்டாட்டம். பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து வரும் மேல்காற்று, தில்லை நகரின் குறுக்குத் தெருக்களில் புழுதியை வாரி இறைக்கும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பர். அம்மி பறந்ததை நான் கண்டதில்லை. என் கண் பட்ட பாட்டை மட்டும் அறிவேன்.

கல்லூரி நாளில் மூக்குக்கண்ணாடியை வெறுத்து, 'காண்டாக்ட் லென்ஸ்' எனப்படும் விழிவில்லையை அணியத் தொடங்கினேன். பேச்சுப் போட்டி ஒன்றுக்காக மிதிவண்டியில் சாஸ்திரி சாலை வழியே சென்றபோது கண் அரித்தது. கசக்கினேன். வில்லையைக் கழற்றிக் குழாய்நீரில் அலசி, மீண்டும் அணிந்து மேடையேறினேன். பரிசு கிடைத்தது; மறுநாள் காலை கண்ணைத் திறக்க இயலவில்லை. கருவிழியின் முகப்புப் படலத்தில் கீறல் விழுந்திருந்தது. "கிருமி புகாதது உன் நற்பேறு, புகுந்திருந்தால் பார்வைக்கே கேடு" என்றார் மருத்துவர். அன்று கற்ற பாடத்தையே இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

மகரந்தம், பூஞ்சைத்துகள், வீட்டுத் தூசியில் வாழும் சிற்றுண்ணிகள் ஆகியவற்றைச் சிலருடைய உடல் பகையாகக் கருதுகிறது. இதற்கு 1906ஆம் ஆண்டில் 'அலர்ஜி' என்று பெயரிட்டவர் வியன்னா மருத்துவர் பிர்கே. தமிழில் ஒவ்வாமை என்கிறோம். பகையைக் கண்ட உடல் ஹிஸ்டமின் என்னும் பொருளை வெளிவிட, கண் சிவந்து, அரித்து, நீர் சொரிகிறது.

1888இல் ஃபிக் என்பார் விவரித்த விழிவில்லை கண்ணாடியால் ஆனது. 1961இல் செக் நாட்டு வேதியியலறிஞர் விக்டர்லே, நீரை ஏந்தும் மென்வில்லைகளைத் தம் வீட்டிலேயே, சிறுவர் விளையாட்டுக் கருவியின் உறுப்புகளைக் கொண்டு வார்த்தெடுத்தார். மென்மை அதன் சிறப்பு. ஆயினும் தூசியும் கண்ணீரின் புரதமும் அதில் எளிதில் படிந்துவிடும். படிந்த அழுக்கு இமையோடு நாள் முழுதும் உராய்ந்தால் அரிப்பு ஓய்வதெங்ஙனம்?

ஆதலின் சில வழிகளைக் கைக்கொள்ளுங்கள். காற்று மிகுந்த பருவத்தில், அன்றாடம் அணிந்து அன்றே எறியும் வில்லை சாலச் சிறந்தது. பலநாள் வில்லையாயின், கைகழுவித் துடைத்தபின், அதற்குரிய கரைசலில் தேய்த்துக் கழுவுங்கள். பழைய கரைசலில் புதியதைக் கலவாதீர்கள். குழாய்நீர் வேண்டவே வேண்டாம். கருவிழியை அரிக்கும் அமீபா அதில் இருக்கக்கூடும். வில்லைப் பேழையை மூன்று திங்களுக்கு ஒருமுறை மாற்றுங்கள். அரித்தால் கசக்காது, வில்லையைக் கழற்றி, குளிர்ந்த ஈரத்துணியை மூடிய இமைமேல் வையுங்கள். ஒவ்வாமைக்குரிய சொட்டு மருந்தை மருத்துவர் சொற்படி, வில்லை அணியுமுன் இட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்திருங்கள். உறங்குமுன் வில்லையைக் கழற்ற மறவாதீர்கள்.

கண் சிவந்தாலோ, வலித்தாலோ, ஒளி கூசினாலோ, பார்வை மங்கினாலோ வில்லையை அன்றே நிறுத்தி மருத்துவரை நாடுங்கள். அதுவரை மூக்குக்கண்ணாடி துணைநிற்கும். புழுதியையும் ஓரளவு தடுக்கும். அன்று நான் வாங்கிய பரிசுக்கோப்பை எங்கோ போய்விட்டது. கண்கள் இருக்கின்றன, இவ்வுரையை அவற்றால்தான் படித்தேன். மூக்குக்கண்ணாடி வழியாகத்தான்!