பேசாத நோய்

வகுப்பில் உடல்நலம் குன்றிய சிறுவன் அழுதால், ஆசிரியர் உடனே கவனித்துவிடுவார். அழாமல் ஒரு மூலையில் சோர்ந்து அமர்ந்திருப்பவனைக் கண்டுகொள்ளத்தான் பயிற்சி வேண்டும். ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் நான் கற்ற இப்பாடத்தை முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிறருக்கும் சொல்லி வந்தேன். ஆயினும் என் வீட்டிலேயே அதனை மறந்தேன். அதனை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். பித்தப்பையைப் பற்றியது அது.

கல்லீரலின் அடியில், வலப்புற விலா எலும்புகளின் மறைவில், சிறு பேரிக்காய் வடிவில் அமைந்திருப்பது பித்தப்பை. கல்லீரலில் சுரக்கும் பித்தநீரைச் சேர்த்து வைத்து, கொழுப்புள்ள உணவு குடலுக்கு வரும்போது வெளிவிடுவது அதன் தொழில். அப்பையில் விளைந்த கல் ஒன்று வெளிச்செல்லும் குழாயை அடைத்துக்கொண்டால், நீர் தேங்கிப் பை வீங்குகிறது; கிருமிகளும் குடிபுகலாம். இதுவே பித்தப்பை அழற்சி.

பெரும்பாலோரிடம் இந்நோய் உரத்த குரலில் பேசும். வலப்புற மேல்வயிற்றில் கடும் வலி, காய்ச்சல், வாந்தி ஆகியவை தோன்றும். மருத்துவர் விலாவின்கீழ் விரல்களை அழுத்தி, “மூச்சை இழுங்கள்” என்பார். வலியால் மூச்சு பாதியிலே நின்றுவிடும். சிக்காகோ நகரின் அறுவை மருத்துவர் ஜான் மர்ஃபி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விளக்கிய இச்சோதனை, இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

எழுபது வயதைக் கடந்த என் தமக்கையாரிடம் நோய் இவ்வாறு பேசவில்லை. அவருக்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய் உண்டு. நாள்தோறும் காலையில் பெரிய கடைக்குத் தாமே சென்று, பேரம் பேசி மீன் வாங்கி வருபவர் அவர். ஒருநாள் செல்லவில்லை. உணவு வேண்டாம் என்றார். வலத்தோள் வலிக்கிறது என்றார். வயிற்றுவலி இல்லை, காய்ச்சலும் இல்லை. நான் வாயு என்று முடிவு செய்து, ஓமநீர் கொடுத்தேன். இரண்டு நாட்கள் வீணாயின. 1823-ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு ஆட்சியினர் மருத்துவப் பள்ளி தொடங்கிய ஊர் இது. ஜிப்மர் மருத்துவமனையும் இங்கேதான் இருக்கிறது. அத்தகைய ஊரில் வாழ்ந்துகொண்டு நான் ஓமநீரை நம்பியிருந்தேன்!

கல்லூரியில் பயிலும் என் பெயர்த்திதான் என்னைத் திருத்தினாள். “தாத்தா, அத்தைப்பாட்டி இன்று என்னை இரண்டு முறை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். மீன்கூட வேண்டாம் என்கிறார்கள். இது வாயு இல்லை” என்றாள். கண்டவற்றை நாள்வாரியாக ஒரு தாளில் எழுதியும் வைத்திருந்தாள்.

மருத்துவர் முதலில் படித்தது அத்தாளைத்தான். மாரடைப்பும் இவ்வாறு தோன்றலாம் என்பதால் இதயத்தின் மின்வரைபடம் எடுத்தார். சர்க்கரையின் அளவைச் சோதித்தார். இரத்தத்தில் வெள்ளணுக்கள் மிகுதியாக ஏறியிருக்கவில்லை. விலாவின்கீழ் அழுத்தியபோதும் முகம் சற்றே சுளித்ததன்றி வேறில்லை. ஆயினும் அவர் விட்டுவிடவில்லை. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கச் செய்தார். கல்லும், தடித்த பித்தப்பைச் சுவரும், அதனைச் சூழ்ந்த நீரும் தெரிந்தன. மறுநாள் அறுவை நடந்தது. பையின் சுவர் ஓரிடத்தில் கறுத்து அழுகத் தொடங்கியிருந்ததாம்.

ஏன் இந்த மௌனம் என்று அம்மருத்துவரைக் கேட்டேன். நெடுநாள் சர்க்கரை நோய் நரம்புகளைப் பழுதாக்குவதால் வலி மழுங்கிவிடலாம் என்றார். முதுமையில் உடலின் எதிர்ப்பு தளர்வதால், காய்ச்சல் எழாமலே நோய் முற்றலாம்; மனக்குழப்பம் ஒன்றே அதன் அடையாளமாகவும் இருக்கலாம். தோள்வலிக்கும் காரணம் உண்டு. மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்திற்கும் தோளுக்கும் உணர்ச்சி நரம்புகள் கழுத்துத் தண்டுவடத்தின் ஒரே பகுதியைச் சார்ந்தவை. ஆதலின் விலாவின்கீழ் எழும் துன்பத்தை மூளை தோளின் துன்பமாகக் கொள்கிறது. வேறு நோய்க்காகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவர்க்குக் கல்லே இல்லாமலும் இவ்வழற்சி வருவதுண்டு என்றும் கூறினார்.

பித்தப்பையை அகற்றும் அறுவையை முதன்முதல் செய்தவர் பெர்லின் நகரின் கார்ல் லாங்கன்புக், ஆண்டு 1882. இன்று சிறு துளைகளின் வழியே கருவியைச் செலுத்தி அதனைச் செய்கிறார்கள். மருத்துவம் இவ்வளவு வளர்ந்திருந்தும், நோயாளியை உரிய நேரத்தில் மருத்துவரிடம் சேர்ப்பது வீட்டிலிருப்போர் கடமையாகவே இருக்கிறது.

நீங்கள் நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. அது மருத்துவர் பணி. உங்கள் வீட்டு முதியவர் நேற்று எவ்வாறு இருந்தார், இன்று எவ்வாறு இருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். உணவில், பேச்சில், நடையில் திடீர் மாற்றம் கண்டால், எப்போது தொடங்கியது என்று குறித்துக்கொண்டு, அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ‘வயதாகிவிட்டது’ என்று சொல்லி ஒதுக்காதீர்கள்.

என் தமக்கையார் உடல் தேறி, இப்போது மீண்டும் பெரிய கடைக்குச் செல்கிறார். பெயர்த்தி எழுதிய அந்தத் தாள் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.