மோதியவருக்குக் காப்புறுதி இல்லையெனில்?

(தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



முன்னாளில் நாம் லயத்து வீட்டிலிருந்து பெரட்டுக் களத்திற்கு நடந்தே சென்றோம். இன்று நம்மில் பலர் தொலைவிலுள்ள தாமான்களில் குடியிருந்து, விடியுமுன் மோட்டார் சைக்கிளில் வேலைக்கு வருகின்றோம். பின்னால் மனைவி அமர்ந்திருக்கிறார். அவர் மடியில் சோற்றுப் பாத்திரம். பெருஞ்சாலையைக் கடக்கும் வேளையில் ஒரு வண்டி நம்மை மோதிவிட்டால், "அவனுடைய இன்சூரன்சு கொடுக்கும்" என்று எண்ணுகின்றோம். அவனிடம் காப்புறுதியே இல்லையெனில் என் செய்வது?

1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 90ஆம் பிரிவு, காப்புறுதியின்றி எவரும் சாலையில் வண்டி ஓட்டலாகாது என்று விதிக்கின்றது. மீறினால் அபராதமோ சிறைத்தண்டனையோ விதிக்கலாம். எனினும் தவணை முடிந்த வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. மழைக் காலத்தில் மரம் சீவ இயலாது, சம்பளம் குறையும், சாலை வரியையும் காப்புறுதியையும் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடுகின்றோம். நம் துன்பத்தை நாம் அறிவோம். ஆயினும் அந்த ஒரு மாதத்தில் நம் வண்டி பிறர் பிள்ளையை மோதினால், இழப்பீட்டுச் சுமை முழுவதும் நம் தலைமேல் விழும். "தோட்டத்து வண்டிதானே, உள்ளேதானே ஓடுகிறது" என்பாரும் உளர். பொதுமக்கள் வந்து போகும் வழி எதுவாயினும் அதனைச் சாலை என்றே சட்டம் கூறுகின்றது.

இனி, பலரும் அறியாத ஒன்றைச் சொல்வோம். சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மூன்றாம் நபர் காப்புறுதியேயாகும். அது நம்மால் பிறர் மாண்டாலோ காயமுற்றாலோ ஈடு தருவது. ஓட்டுகின்ற நமக்கு உரியதன்று. நம் பின்னால் அமரும் மனைவிக்கும் அது பொதுவாக உதவாது. கூலிக்கு ஏற்றிச் செல்லப்படுவோர் போன்ற சிலரைத் தவிர, வண்டியில் பயணம் செய்வோரையும் காக்க வேண்டுமென்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. தவறு எதிர் வண்டியுடையதானால் அந்த வண்டியின் காப்புறுதியிடம் அவர் கேட்கலாம். தவறு நம்முடையதாயின், அல்லது எதிர் வண்டிக்குக் காப்புறுதி இல்லையெனில், அவருடைய நிலை யாது?

இரண்டாவது நிலைக்கு ஒரு வழி உண்டு. காப்புறுதியற்ற வண்டிகளால் மக்கள் கைவிடப்படலாகாது என்பதற்காக, 1968இல் போக்குவரத்து அமைச்சுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி மேற்கு மலேசிய மோட்டார் காப்புறுதியாளர் பணியகம் செயற்படலாயிற்று. எம்.ஐ.பி. என்றும் அதனை அழைப்பர். மோதியவர்மீது நீதிமன்றத் தீர்ப்பைப் பெற்றும் பணம் கிடைக்காதபோது, மரணத்திற்கும் உடற்காயத்திற்கும் உரிய ஈட்டை அது வழங்குகின்றது. உடைந்த மோட்டார் சைக்கிளுக்கு அது பொறுப்பன்று. வழக்குத் தொடுக்கும்போதே பணியகத்திற்கும் அறிவித்தாக வேண்டுமாதலால், வழக்கறிஞரிடம் முதல் நாளிலேயே, "அந்த வண்டிக்குக் காப்புறுதி இல்லை" என்று சொல்லிவிடுங்கள்.

ஆனால் வழக்கு முடிய ஆண்டுகள் செல்லும். அதுவரை அடுப்பு எரிய வேண்டாமா? வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியிலோ திரும்பும் வழியிலோ நேர்ந்த விபத்தெனில், சொக்சோ உதவும். 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது வேலை விபத்தாகக் கருதப்படும். எதிர் வண்டியின் காப்புறுதி அங்கே கேள்வியன்று. மருத்துவ விடுப்பு நான்கு நாளுக்குக் குறையாதிருந்தால், கணக்கிடப்பட்ட நாட்சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். 2019 முதல் அயல்நாட்டுத் தொழிலாளர்க்கும் வேலை விபத்துக் காப்பு உண்டு. ஆனால் வழியிலே திருமண வீட்டிற்குத் திரும்பியிருந்தால் அது வேலைக்குப் போகும் வழியாகாது. ஞாயிற்றுக்கிழமை பட்டணம் சென்றபோது நேர்ந்ததும் வேலை விபத்தன்று.

ஆகவேதான் தனிநபர் விபத்துக் காப்புறுதியை எண்ணிப் பாருங்கள் என்கின்றோம். யார் தவறு, எதிரி காப்புறுதி செய்தவனா என்னும் வினாக்கள் இன்றி, மரணத்திற்கும் நிலையான ஊனத்திற்கும் குறித்த தொகையை அது தரும். வாங்குமுன் மூன்றைக் கேளுங்கள்: பின்னால் அமர்பவரும் அடங்குவாரா? தொகை யார் பெயருக்குச் செல்லும்? உரிமமின்றி ஓட்டினால் கிடைக்குமா? மூன்றாவதற்குப் பெரும்பாலும் "கிடைக்காது" என்றே விடை வரும். உரிமம் எடுக்காத மகனிடம் சாவியைக் கொடுக்கும் தகப்பன்மார் இதனைச் செவியில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

விபத்து நேர்ந்தால், மோதிய வண்டியின் எண்ணை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். கையில் ஐம்பதோ நூறோ வைத்து, "போலீசு வேண்டாம், பேசித் தீர்ப்போம்" என்பார்கள். அதற்கு இணங்க வேண்டாம். 24 மணி நேரத்திற்குள் காவல் நிலையத்தில் புகார் செய்து, அதன் படியை வாங்கி வையுங்கள். வேலைக்கு வந்த வழியென்றால் தோட்ட அலுவலகத்தில் கிராணியிடமும் உடனே சொல்லுங்கள். உயிரிழப்பு நேர்ந்த குடும்பம், சார்ந்திருந்தோர்க்கான வழக்கை மூன்றாண்டுகளுக்குள் தொடுத்தாக வேண்டும். துக்கத்தில் ஆழ்ந்திருக்கும் வீட்டாரிடம் இதனை எடுத்துச் சொல்ல, அண்டை வீட்டார் ஒருவரேனும் முன்வர வேண்டும்.