ஆறப்போட்ட காடும் உழவுதான்

(சங்கராபுரத்தில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் அரவை முடிந்ததும் இயந்திரத்தைக் கழற்றித் துடைக்கிறோம், தேய்ந்ததை மாற்றுகிறோம். சக்கரம் சுற்றவில்லை என்பதால் ஆலையைக் கைவிட்டுவிட்டோம் என்று யாராவது சொல்வார்களா? ஆனால் மேற்கே கல்வராயன் மலையில், மலையாளிப் பழங்குடி விவசாயி ஆறப்போட்ட காட்டைப் பார்த்து, "இது வனம், உன் நிலமல்ல" என்று சொல்ல ஆளிருக்கிறது!

மலைச்சரிவில் ஏர் ஓடாது. காட்டை வெட்டி எரித்து, கொத்தி, சாமையும் கேழ்வரகும் விதைத்தார்கள் முன்னோர். சாம்பலின் சத்து ஓரிரு வெள்ளாமைக்குத்தான் தாங்கும். பிறகு புல் மண்டும். களையெடுக்கும் பாட்டுக்கு விளைச்சல் கட்டாது. நிலத்தை ஆறவிட்டு வேறு காட்டுக்குப் போவார்கள்.

திரும்பி வருவது எப்போது? பஞ்சாங்கம் அதைச் சொல்லாது. ஓடையோரம் சீக்கிரம் தேறும். பாறைச்சரிவு தேற நாளாகும். காட்டைத்தான் கேட்க வேண்டும். வெறும் புல் நின்றால் மண் இன்னும் இளைத்தே கிடக்கிறது. புதர் எழும்பி, அதன் நிழலில் புல் செத்து, மரக்கன்று தலைக்குமேல் போய், காலடியில் சருகு மெத்தென்று கிடந்தால் தேறிவருகிறது. சருகை விலக்கிக் கொத்தினால் மண் கறுத்துப் பொலபொலவென்று உதிர வேண்டும். மண்புழு எச்சம் குருணை குருணையாய்க் கிடக்க வேண்டும். இதில் மந்திரமில்லை. நிழல் களையை ஒழிக்கிறது, ஆழத்து வேர் அடிச்சத்தை மேலே ஏற்றுகிறது, சருகு மக்கி எருவாகிறது. மேகாலயத்தில் ஆராய்ந்த விஞ்ஞானி பி. எஸ். ராமகிருஷ்ணனும், பத்து வருஷமாவது ஆறவிட்டால்தான் நிலம் தாங்கும் என்று கண்டார்.

காத்திருக்க இடம் வேண்டுமே! ஆறப்போட்டதைப் பறித்துக்கொண்டால், இருக்கும் துண்டையே வருஷாவருஷம் கொத்த வேண்டியதுதான். மண் மழையோடு போகும். பிறகு மலையைக் கெடுத்தவன் என்று அவன்மீதே பழி!

காகிதம் கேட்கிறார்கள். ஜாகீர்தார்கள் ஆண்ட மலை 1976இல்தான் சர்க்கார் கைக்கு வந்தது. ஏழையிடம் காகிதம் ஏது? 2006ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து நிலத்தை அனுபவிக்கும் பழங்குடிக்கு 4 ஹெக்டேர் வரை உரிமை தருகிறது. விண்கோள் படத்தில் பச்சையாகத் தெரிகிறதாம்! படம் துணைச்சான்றே தவிர மற்றச் சான்றுக்கு மாற்றாகாது என்று 2012ஆம் வருஷத்துத் திருத்த விதி சொல்கிறது. மனுதாரரல்லாத ஊர்ப் பெரியவர் வாக்குமூலமும் எழுதி வைத்தால் சான்றுதான்.

ஆகவே எந்தக் காட்டை யார் எந்த வருஷம் ஆறப்போட்டார், எப்போது திரும்பக் கொத்தினார் என்பதைப் பெரியவர்கள் வாயால் கேட்டு எழுதி, கிராமசபையில் வைக்க வேண்டும். எழுதத் தெரிந்த ஆலைத் தோழர்கள் வருகிற லீவு நாளில் நோட்டுப் புத்தகத்தோடு வெள்ளிமலை பஸ் ஏறுங்கள். நாமும் வருகிறோம்.