குடிப்பழக்கமும் அதனை விடுக்கும் நெறியும்
(துறையூரில் நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வள்ளுவனார் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அதனை யாம் பள்ளியில் இருபதாண்டு கற்பித்தும், நம் தெருவிற் குடி குறைந்திலது. எம் மாணவன் ஒருவனின் தந்தையைப் பலர் முன்னிலையில் இடித்துரைத்தோம். அவர் நாணி, முன்னினும் மிகுதியாய்க் குடித்தார். பிழை எம்முடையதே.

பழக்கத்தைப் பழக்கத்தாலன்றி வெல்லுதல் அரிது. சென்னையில் 1980-ஆம் ஆண்டு சாந்தி ரங்கநாதன் அம்மையார் நிறுவிய சிகிச்சை நிலையத்தார், 1989-இல் மஞ்சக்குடிச் சிற்றூரிலேயே முகாம் நடத்தினர். மருந்தோடு நில்லாது, குடிப்போரோடும் குடும்பத்தாரோடும் அமர்ந்து பேசினர்; ஊராரும் துணைநின்றனர்.

வேட்கை எழும் வேளை, இடம், கூட்டாளி ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்க. கூலி பெறும் மாலையில் கடைவழி விடுத்து வேறு வழி ஏகுக. குடியாத ஒவ்வொரு வாரத்தையும் வீட்டார் பாராட்டுக. வழுவினால் வையற்க, மீண்டும் தொடங்கச் செய்க. நெடுநாள் மிகக் குடித்தோர் திடீரென நிறுத்தின் நடுக்கமும் வலிப்பும் நேரலாம். ஆதலின் முதற்கண் மருத்துவரை நாடுக.

நம் திருமணங்களிலும் இழவு வீடுகளிலும் மது வழங்கும் வழக்கத்தை இன்றே ஒழிப்போமாக. அஃதின்றேல் எம் அறிவுரை வெறுஞ்சொல்லாம்.