வாய்தாவுக்குப் போகக் காசு

(ஏரியூரில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை வாசிக்கச் சொல்வீங்கன்னு நெனச்சு வந்தேன். காசைப் பத்திப் பேசச் சொல்லிட்டீங்க. பேங்க் கிளார்க்குதானே, இதுதான் இவனுக்குத் தோதுன்னு நெனச்சிருப்பீங்க. நல்லதுதான். நம்ம கூட்டங்களில் காசைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவதே இல்லை. டீக்கடையில் பேசுகிறோம். "அவன் என்.ஜி.ஓ. காசு வாங்குறான்" என்று ஒரு வார்த்தையில் ஒரு ஆளையே முடித்துவிடுகிறோம்.

மனித உரிமைப் பிரச்சாரத்துக்கென்று சின்னச் சின்ன நிதி தருகிறார்கள், வாங்கலாமா கூடாதா என்று கேட்கிறீர்கள். தீட்டுப் பார்க்கிற வேலை நமக்கு வேண்டாம். தீட்டால் செத்த சனம் நாம். காசில் தீட்டு இல்லை. ஆனால் மூன்று கேள்வி இருக்கு: எங்கிருந்து வருது? எதுக்கு வருது? கணக்கை யார்கிட்ட சொல்றோம்? மூணாவதுதான் முக்கியமான கேள்வி. கணக்குக் கேட்கிறவன்தான் எஜமான்.

முதலில் ஒரு வன்கொடுமை வழக்குக்கு என்ன செலவு ஆகுதுன்னு பார்ப்போம். எஃப்.ஐ.ஆர். போடவே ஸ்டேஷனுக்கு நாலு நடை. மனு எழுத, டைப் அடிக்க, ஜெராக்ஸ் எடுக்க. அப்புறம் வாய்தா. ஏரியூரிலிருந்து பென்னாகரம், அங்கிருந்து தருமபுரி. அடிபட்டவர் ஒருத்தர், சாட்சிகள் நாலு பேர், கைக்குழந்தையோட ஒரு அம்மா. பஸ் காசு, சோறு, டீ. அன்றைய கூலியும் போச்சு. போனால் "இன்னைக்கு ஜட்ஜ் லீவு, அடுத்த மாசம் வாங்க." இப்படி எத்தனை வாய்தா! வானம் பார்த்த பூமி இது. இளவட்டங்கள் பெங்களூரு, திருப்பூர் என்று பிழைக்கப் போய்விடுகிறார்கள். சாட்சி சொல்ல அங்கிருந்து லீவு போட்டு வரவேண்டும். எதிராளி காரில் வந்து இறங்குகிறான். ஊரில் அவன் நிலத்தில்தான் நமக்குக் கூலி.

ஒருநாள் சாட்சி பிறழ்ந்துவிடுகிறார். "துரோகி" என்கிறோம். அந்தப் பிறழ்வில் பயம் ஒரு பங்கு, பஸ் காசு ஒரு பங்கு. பயத்தைப் போக்க இயக்கம் வேணும். பஸ் காசுக்கு? சின்ன நிதி என்கிற பேச்சே இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

இதில் பாதியை அரசாங்கமே நமக்குத் தரவேண்டும், தெரியுமா? வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989. அதன் விதிகள் 1995. பதினோராவது விதியைப் படித்துப் பாருங்கள். பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் விசாரணைக்குப் போய்வரப் பயணச்செலவு. விவசாயக் கூலிக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாமல் பராமரிப்புப் படி. சாப்பாட்டுச் செலவு. பெண்களும் அறுபது வயது தாண்டியவர்களும் தனக்குப் பிடித்த ஒருத்தரைத் துணைக்குக் கூட்டிப் போகலாம், அவருக்கும் செலவு உண்டு. உடனே, தவறினால் மூன்று நாளுக்குள் தரவேண்டும். 2015 திருத்தம் 15ஏ பிரிவில் இன்னும் ஒருபடி மேலே போய், தொண்டு நிறுவனம், சமூக ஊழியர், வக்கீல் உதவியைப் பெறுவது பாதிக்கப்பட்டவரின் உரிமை என்றே எழுதியிருக்கிறது. இது பிச்சையில்லை, சட்டம். உங்களில் எத்தனை பேர் இந்தப் படி கேட்டு மனு கொடுத்திருக்கீங்க? கை தூக்குங்க பார்ப்போம். சரி, கைய எறக்குங்க.

இப்ப வெளிநாட்டு நிதிக்கு வருவோம். அதனால் ஒண்ணுமே நடக்கலன்னு சொன்னால் பொய். 1998-இல் தொடங்கிய தலித் மனித உரிமைகளுக்கான தேசியப் பிரச்சாரம் 2001-இல் டர்பன் மாநாடு வரை போனது. சாதியை அங்கே பேசக்கூடாது என்றது இந்திய அரசு. நம் ஆட்கள் பேசினார்கள். விமானத்துக்குக் காசு சேரியில் முளைக்காது.

அந்தக் காலத்தில் பெரிய நிறுவனம் வெளிநாட்டிலிருந்து வாங்கி, அதில் கொஞ்சத்தைச் சின்ன அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். உண்மையறியும் குழு போக, துண்டறிக்கை அடிக்க, பயிற்சி முகாம் நடத்த. இந்த வழி 2020-இல் அடைபட்டது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் முதலில் வந்தது 1976-இல், எமர்ஜென்சியில். 2010-இல் புதுச் சட்டம். 2020 திருத்தத்தின்படி, வாங்கிய நிதியை வேறொரு அமைப்புக்கு மாற்றவே கூடாது. நிர்வாகச் செலவு 50 விழுக்காடு வரை இருந்தது, 20 ஆகிவிட்டது. நாட்டில் எந்த மூலையில் இருந்தாலும் பணம் முதலில் டெல்லி நாடாளுமன்றத் தெருவில் இருக்கிற ஸ்டேட் பேங்க் கிளைக் கணக்கில்தான் விழவேண்டும். சொந்தமாகப் பதிவு வாங்கலாமே என்றால், மூன்று வருஷம் அமைப்பு நடத்தி, 15 லட்சம் செலவழித்திருக்க வேண்டும். 15 லட்சம் இருந்தா நாம ஏன்யா சின்ன நிதி கேக்கப்போறோம்? 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் இந்தத் திருத்தம் செல்லும் என்று சொல்லிவிட்டது.

பெரிய அமைப்புகளும் தப்பவில்லை. மதுரை மக்கள் கண்காணிப்பகத்தின் பதிவை 2012-இல் நிறுத்தி வைத்தார்கள், 2016-இல் புதுப்பிக்க மறுத்தார்கள். குஜராத்தில் தலித் மக்களுக்காக வேலை செய்த நவசர்ஜன் பதிவை 2016 டிசம்பரில் ரத்து செய்தார்கள். பணியாளர்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டி வந்தது. ஒரு ஆறுதல்: மறியல், பந்த் செய்தாலே அரசியல் அமைப்பு என்று முத்திரை குத்தி நிதியை மறுக்க முடியாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இதிலிருந்து என்ன தெரியுது? ஒரே வாசலை நம்பி வீடு கட்டினால், அந்த வாசலை அரசு ஒரு கையெழுத்தில் சாத்திவிடும்.

அரசு சாத்தாவிட்டாலும் வேறொரு ஆபத்து உண்டு. நிதி ஒரு வருஷத்துக்கு வரும். வருஷக் கடைசியில் அறிக்கை, போட்டோ, கையெழுத்துப் பட்டியல் கேட்பார்கள். சாதிக்காரன் வருஷக் கணக்குப் பார்த்து அடிப்பதில்லை. நம்ம மாவட்டத்து வாச்சாத்தியை எடுத்துக்குங்க. 1992 ஜூன் 20. வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் புகுந்து அந்தப் பழங்குடி ஊரைச் சூறையாடின. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2011 செப்டம்பர் 29. அதற்குள் 54 பேர் செத்தே போய்விட்டார்கள், மீதி 215 பேருக்கும் தண்டனை. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023-இல். முப்பத்தொரு வருஷம்! எந்தப் புராஜெக்ட் முப்பத்தொரு வருஷம் ஓடும்? மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் நின்றன. எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பெண்கள் பிறழாமல் நின்றார்கள். நத்தம் காலனியில் 2012 நவம்பர் 7 அன்று எரிந்த வீடுகளை நினைத்துப் பாருங்கள். நமக்கும் நீண்ட கணக்குதான்.

நம்ம முன்னோர் காசை எப்படிப் பார்த்தார்கள்? அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் பத்திரிகை தொடங்கியபோது விலையையே பேராக வைத்தார்: ஒரு பைசாத் தமிழன். வாங்குகிறவன் கொடுக்கிற பைசாவில் நிற்பேன் என்று அதை நான் வாசிக்கிறேன். 1920-இல் அம்பேத்கர் மூக்நாயக் தொடங்க, கோலாப்பூர் மன்னர் சாகு 2500 ரூபாய் கொடுத்தார். வாங்கிக்கொண்டார். பேனாவை விற்கவில்லை. 1927-இல் மகாத் மாநாட்டில் கூடியவர்கள் குடிக்க, சாதி இந்துக்களிடம் நாற்பது ரூபாய்க்குத் தண்ணீர் வாங்க வேண்டியிருந்தது. குளத்துத் தண்ணீருக்காகக் கூடிய மாநாட்டுக்குத் தண்ணீர்ச் செலவு நாற்பது ரூபாய்! போராட்டத்தின் சின்னச் செலவு என்றால் இதுதான். கன்ஷிராம் 1978-இல் பாம்செஃப் தொடங்கியபோது, இடஒதுக்கீட்டில் வேலைக்குப் போன எங்களை மாதிரி ஆட்களைப் பார்த்துத்தான் கேட்டார்: சமூகத்துக்கு என்ன திருப்பிக் கொடுக்கிறாய்?

அதனால் நான் சொல்வது இதுதான். அடித்தளம் நம்ம சந்தாவாக இருக்கட்டும். கூலிக்காரர் பத்து ரூபாய், சம்பளக்காரர் அதற்கு ஏற்ற மாதிரி. ரெண்டு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும்னு கணக்குத் தொடங்குங்க. அதில் ஒரு கையெழுத்து பெண்ணுடையதாக இருக்கட்டும். அடுத்து, அரசு தரவேண்டிய படியை ஒவ்வொரு வாய்தாவுக்கும் எழுதிக் கேளுங்கள். தரமறுத்தால் அதுவே பிரச்சாரம். இதற்குப் பிறகும் சட்டப்படி ஒரு சின்ன நிதி கிடைத்தால் வாங்குங்கள். ஒரு குறிப்பிட்ட வேலைக்கு மட்டும். அது நின்றால் அந்த வேலை நிற்கலாம், இயக்கம் நிற்கக்கூடாது. எந்தக் காசானாலும் மாசம் ஒருதரம் பாஸ்புக்கைச் சேரி நடுவில் உரக்கப் படியுங்கள். கொடுத்தவனுக்கு அனுப்புகிற அறிக்கை அப்புறம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி "அந்த நூத்தம்பது எதுக்குடா?" என்று கேட்கட்டும். அவள் கேட்டால், அவள்தான் எஜமானி.

மாணவர்களுக்கு ஒரு வேலை வச்சிருக்கேன். பதினோராவது விதியைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். கீழே மனுவின் மாதிரியைப் போடுங்கள். பஸ் டிக்கெட்டைக் கிழித்துப் போடாமல் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். அடுத்த வாய்தாவுக்குப் போகிற ஒவ்வொருவர் கையிலும் அந்தத் தாள் இருக்கணும். இதுக்கு எந்த ஃபண்டும் வேணாம். ஜெராக்ஸ் காசை நான் தர்றேன்.

ஜெய்பீம்.