கேட்டது 40, வந்தது எத்தனை?



செயலியைத் திறக்கிறீங்க, எண்ணைப் போடுறீங்க, திரை சுத்திக்கிட்டே இருக்கு. உடனே "நெட் ஸ்லோ"ன்னு சொல்லிடுவோம். பல நேரம் அது உண்மைதான். சில நேரம் மட்டும், தகவலைக் கேட்கும் முறையிலேயே தாமதம் இருக்கும்.

இன்று பல செயலிகள் 'டாக்குமென்ட் டேட்டாபேஸ்' என்ற தரவுத்தளத்தில் தகவலைச் சேமிக்கின்றன. ஒருவரது விவரங்கள் ஒரே ஆவணமாக இருக்கும். அந்த ஆவணத்துக்கு ஒரு தனி எண் உண்டு; அதைத்தான் 'கீ', அதாவது சாவி என்கிறோம். சாவியைச் சொன்னால் அட்டவணையைப் பார்த்து ஆவணத்தை நேராக எடுத்துவிடலாம். பெயரை மட்டும் சொன்னால்? பெயருக்குத் தனி அட்டவணை இல்லாவிட்டால் எல்லா ஆவணங்களையும் புரட்ட வேண்டும். அப்படியே தேடினாலும், ஒரே ஊரில் எத்தனை முருகன், எத்தனை லட்சுமி!

சரி, 40 பேரின் விவரம் வேண்டும் என்றால்? ரேஷன் கடைக்குப் போய் அரிசி வாங்கி வீட்டில் வைத்துவிட்டு, திரும்பப் போய் சர்க்கரை, அப்புறம் பருப்பு என்று நாம அலைய மாட்டோம். ஒவ்வோர் எண்ணாகக் கேட்கும் செயலி அப்படித்தான் அலைகிறது. ஒரு முறை சர்வருக்குப் போய்வர 0.2 விநாடி என்று வைத்துக்கொள்வோம். 40 முறைக்கு 8 விநாடி. 40 எண்களையும் ஒரே பட்டியலாகக் கொடுத்தால் ஒரு முறை போய்வந்தால் போதும். மாங்கோ டிபி, கவுச் டிபி இரண்டிலும் இந்த வசதி உண்டு. அமேசானின் டைனமோ டிபியில் ஒரு முறைக்கு அதிகபட்சம் 100 ஆவணங்கள் கேட்கலாம்.

வேகம் வந்தாச்சு. ஆனா, கவனிக்க வேண்டியது இனிமேதான் இருக்கு. அந்த 40 எண்களில் ஒன்று தவறு என்று வையுங்கள். கவுச் டிபி, நாம் கேட்ட அதே வரிசையில் பதில் தந்து, அந்த எண்ணுக்கு நேராக 'கிடைக்கவில்லை' என்று சொல்லும். மாங்கோ டிபி கிடைத்த 39-ஐ மட்டும் தரும். விடுபட்டது யார் என்று சொல்லாது. கேட்ட வரிசையில் வரும் என்ற உறுதியும் இல்லை. டைனமோ டிபி, பதிலின் அளவு வரம்பு அல்லது வாசிப்புத் திறன் வரம்பு மீறுவது போன்ற காரணங்களால் எடுக்காமல் விட்ட எண்களைத் தனியாகத் திருப்பித் தரும். அவற்றைச் செயலிதான் மறுபடி கேட்க வேண்டும். ஆகவே கேட்டது எத்தனை, வந்தது எத்தனை என்று செயலி ஒப்பிட்டே ஆக வேண்டும். ஒப்பிடாவிட்டால், பட்டியலில் காணாமல் போன அந்த ஒருவர் ஓய்வூதியத்துக்குக் காத்திருக்கும் ஒரு பாட்டியாக இருக்கலாம்.

நீங்க செய்ய வேண்டியது இரண்டு. விண்ணப்ப எண்ணை ஒப்புகைச் சீட்டிலிருந்து அப்படியே, ஓர் இலக்கமும் மாறாமல் கொடுங்க. பட்டியலில் உங்க பெயர் இல்லையென்றால், "நமக்கு இல்லை போல"ன்னு திரும்பிடாதீங்க. அந்த ஒரே எண்ணைத் தனியாகப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்க. அப்படிக் கேட்பது உங்க உரிமை.