சொற்பட்டியலை உருப்போட்டால் போதுமா?



வெளிநாட்டில் மேற்படிப்பு படிக்க ஜி.ஆர்.இ. தேர்வு எழுத நினைப்பவர்களில் பலர் முதலில் செய்யும் காரியம் என்ன? தடித்த சொற்பட்டியல் நூல் ஒன்றை வாங்குகிறீர்கள். 'ஏ'யில் ஆரம்பித்து 'டி' வருவதற்குள் அயர்ந்து மூடி விடுகிறீர்கள். "நான் தமிழ் வழியில் படித்தவன், எனக்கு இது சரிப்படாது" என்று முடிவும் கட்டி விடுகிறீர்கள். அந்த முடிவு தவறு என்று சொல்லவே உங்கள் முன் நிற்கிறேன்.

முன்பெல்லாம் ஒரு தனிச்சொல்லைக் கொடுத்து எதிர்ச்சொல் கேட்பார்கள். உருப்போட்டவர் ஜெயித்தார். 2011 ஆகஸ்டில் அந்தக் கேள்விகள் நீக்கப்பட்டு விட்டன. இன்று ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, விடுபட்ட இடத்தை நிரப்பச் சொல்கிறார்கள். ஆறு சொற்களில் பொருந்தக்கூடிய இரண்டைக் கேட்பார்கள். ஒன்று சரி, ஒன்று தவறு என்றால் பாதி மதிப்பெண் கிடையாது. வாக்கியம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைப் பிடிப்பவருக்கே விடை கிடைக்கும்.

இன்னொன்று. தெரியாத சொல்லை விட, தெரிந்த சொல்தான் நம்மைக் கவிழ்க்கும்! வங்கியில் கடன் 'சாங்ஷன்' ஆனது என்கிறோம், அது அனுமதி. ஒரு நாட்டின் மீது 'சாங்ஷன்' விதித்தார்கள் என்றால் அது தடை. ஒரே சொல், நேர் எதிரான பொருள்! 'ஃப்ளாக்' என்றால் கொடி என்று குழந்தையும் சொல்லும். உற்சாகம் 'ஃப்ளாக்' ஆனது என்றால்? தளர்ந்து போனது என்று பொருள். தேர்வில் வருவது பெரும்பாலும் இந்த இரண்டாவது பொருள்தான்.

ஆகவே ஒரு நாளைக்குப் பத்துச் சொற்கள் போதும். ஒவ்வொன்றையும் வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதுங்கள். மூன்றாம் நாளும் பத்தாம் நாளும் பட்டியலை மூடிவிட்டு நினைவுபடுத்திப் பாருங்கள். வேரைப் பிடியுங்கள்: 'பெனெ' நன்மை, 'மலெ' தீமை. 'பெனெவொலன்ட்' நல்லெண்ணம் உள்ளவர் என்று தெரிந்தால் 'மலெவொலன்ட்' யாரென்று அகராதி பார்க்க வேண்டியதில்லை. உச்சத்தைக் குறிக்கும் 'ஜெனித்', அடிமட்டத்தைக் குறிக்கும் 'நேடிர்' இரண்டும் வானியல் வழியாக அரபியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனவை. ஆங்கிலமே கடன் வாங்கித்தான் வளர்ந்திருக்கிறது. நாம் கற்பதில் கூச்சம் எதற்கு?

2023 செப்டம்பரில் தேர்வைச் சுருக்கிய பின் மொழிப் பகுதியில் 27 கேள்விகள், 41 நிமிடங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. எதையும் விடாமல் எழுதுங்கள். தேர்வை நடத்தும் ஈ.டி.எஸ். நிறுவனமே மாதிரித் தேர்வுகளை இலவசமாகத் தருகிறது. பயிற்சி நிலையத்தில் பணம் கட்டுவதற்கு முன் அதில் ஒன்றை எழுதிப் பாருங்கள்.